அரசந்தாங்கலுக்கு வந்த சீர்

வாலாஜாபாத் மில்காரருக்குத் தர்ம சிந்தனை பிறந்தது, கார்த்திகைப் புயல் அடித்து ஓய்ந்து ஒரு மாதம் கழித்துத்தான். அதுவும் தானாகப் பிறக்கவில்லை. ஊருக்கு ஊர் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்த காலம் அது. பெஞ்சு கொடுத்தவர், மணி கொடுத்தவர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தவர் என்று எல்லோர் கழுத்திலும் மாலை விழுந்தது. பத்திரிகையில் படம் வந்தது. நெல் அரைத்தே பெரிய மனிதராகிவிட்டவருக்குத் தன் கழுத்து மட்டும் வெறுமையாகக் கிடப்பது உறுத்தத் தொடங்கிவிட்டது.

அரசந்தாங்கல், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். புயல் வந்தபோது மேட்டில் நாலு ஓடு உடைந்தது. பள்ளத்தில் பள்ளிக்கூடமே போய்விட்டது. கூரையைப் பிடுங்கிக் கொண்டுபோய் ஏரியில் போட்டது காற்று. மண்சுவர்கள் மழையில் கரைந்து உட்கார்ந்தன. உள்ளே கிடந்த இரண்டு பழைய பெஞ்சுகளும் கரும்பலகையும் சேற்றில் ஊறி, அடுப்புக்குக்கூட உதவாமல் போயின.

அந்தப் பள்ளிக்கு ஞானசுந்தரி ஒருத்திதான் ஆசிரியை. அதே சேரியில் பிறந்து, செங்கல்பட்டில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சி முடித்துத் திரும்பி வந்தவள். புயலுக்குப் பிறகு ஏரிக்கரைப் புங்க மரத்தடியில் பாடம் நடத்தினாள். பார்க்க வந்த டெபுடி இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் பேசினார். தை மாதக் கடைசியில் திரும்ப வருவேன், அப்போது கட்டடமும் பிள்ளைகள் உட்காரப் பெஞ்சும் கரும்பலகையும் இல்லாவிட்டால் மேட்டுப் பள்ளியோடு இதைச் சேர்த்துவிட எழுத வேண்டியிருக்கும் என்றார்.

மேட்டுப் பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கு எந்த இடம் என்பது ஞானசுந்தரிக்கு நன்றாகத் தெரியும். முதல் இரண்டு வகுப்பை அவள் அங்கேதான் படித்தாள். வாசற்படிக்கு வெளியே, மற்றவர்கள் செருப்பை விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கோணிச் சாக்கு. இந்த முப்பது பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தச் சாக்குக்குப் போகமாட்டார்கள்; மாடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

கட்டடத்தைச் சேரிக்காரர்களே எழுப்பினார்கள். சேரியில் மூத்தவனான முனியன் முன்னால் நின்றான். ஆண்கள் வயலிலிருந்து திரும்பியதும் மண் குழைத்தார்கள். பெண்கள் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார்கள். புயலில் விழுந்த பனைமரங்களே உத்திரமாயின. பனையோலையே கூரையாயிற்று. மேட்டிலிருந்து யாரும் ஒரு கூடை மண் கொடுக்கவில்லை. சுவர் நேராக இல்லை என்று சொல்ல மட்டும் இரண்டு பேர் வந்துபோனார்கள்.

பெஞ்சுக்குத்தான் வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் மில்காரரின் ஏஜெண்டு வரதன், குடையும் வெற்றிலைப் பெட்டியுமாக வந்து சேர்ந்தான். முதலாளி பெரிய மனசு பண்ணியிருக்கிறார், எட்டு பெஞ்சு, மேசை, நாற்காலி, கரும்பலகை, பித்தளைக் குடம், டம்ளர், கூரைக்கு மங்களூர் ஓடு, எல்லாம் சீராக வருகிறது, நீங்கள் தோரணம் மட்டும் கட்டினால் போதும் என்றான். சேரியே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஞானசுந்தரியும் கும்பிட்டாள். அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம் இன்னொரு காரணத்தாலும் இரட்டிப்பாயிற்று. அவள் புருஷன் ஏசுதாஸ் அந்த மில்லில்தான் வண்டி ஓட்டினான். சீரை ஓட்டிக்கொண்டு வரப்போவதே அவன்தான்.

விழாவுக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் இரண்டு மாட்டுவண்டிகள் வந்தன. ஒன்றில் ஓடு, அதை வேறொருவன் ஓட்டிவந்தான். ஏசுதாஸின் வண்டியில் பெஞ்சுகள். தார்ப்பாயை விலக்கி ஞானசுந்தரி ஒரு பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். நல்ல மரம், வார்னிஷ் வாசனை. சாய்மானப் பலகையில் சிவப்பு எனாமலில், பத்தடி தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு, 'உபயம்' என்று போட்டு மில்காரர் பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும், மில்லின் பெயரும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'அரசந்தாங்கல்' என்று வெள்ளையில் இருந்தது. அந்த வெள்ளை எனாமல் இல்லை. சாக்கட்டியோடு வாழ்கிறவளை அதில் ஏமாற்ற முடியாது. விரலை நாக்கில் தொட்டு ஒரு எழுத்தின்மேல் தேய்த்தாள். எழுத்து போய்விட்டது. அதற்கடியில், சரியாகத் துடைக்காத வேறேதோ ஊரின் பெயர் மங்கலாகக் கிடந்தது.

அவள் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, சோறு போட்டு, அவன் இரண்டு வாய் உண்ட பிறகு கேட்டாள். ஏசுதாஸுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லாமல் இருக்கத்தான் வரும். தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். இதே பெஞ்சுகள் ஏற்கெனவே இரண்டு ஊர் பார்த்துவிட்டன. மேளம், மாலை, படம். அது முடிந்ததும் பாலிஷ் போட வேண்டும் என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிடுவது. நாளை மறுநாள் மணலேரி. அது மில்காரரின் சொந்த ஊர். கலெக்டர் வருகிறார். சாமான்களை நிஜமாகவே இறக்கப்போவது அங்கே, அவர் சாதிக்காரர்களின் பள்ளியில்தான்.

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்குப் படம் எடுப்பாங்க" என்றான் ஏசுதாஸ், இன்னும் தட்டைப் பார்த்தபடி.

ஞானசுந்தரி அவனை எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவனை 'நீ' என்றது ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அன்றைக்குச் சொன்னாள்.

"முப்பது புள்ளைங்க நாளைக்கு பெஞ்சில குந்தப்போறோம்னு இப்பவே தலைக்கு எண்ண தடவிக்கினு கீதுங்க. நீ எல்லாந் தெரிஞ்சி வண்டிய ஓட்டிக்கினு வந்துட்டு, என் எதிர்ல குந்தி சோறு துன்றே."

"சொன்னா வேல பூடும், சுந்தரி."

"சொல்லாத. வேலையப் பத்திரமா வச்சிக்க."

அவன் தட்டை நகர்த்திவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். அவன் நல்லவன் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. மில்காரரை வெறுப்பது சுலபமாக இருந்தது. ஒரே பாயில் படுக்கிறவனை மட்டமாக நினைப்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் சீர் புறப்பட்டது. நாயனமும் தவிலும் முன்னால் போக, பூச்சுற்றிய பெஞ்சுகள் வண்டியோடு மேட்டுத் தெருக்கள் முழுவதையும் சுற்றி வந்தன. குடத்துக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். கரும்பலகைக்கு ஜரிகைக் காகிதம். பெண்ணுக்குச் சீர் வருவதுபோல் வீட்டுக்கு வீடு வாசலில் நின்று பார்த்தார்கள். மேட்டுத் தெரு முடிந்து சேரிக்கு இறங்குகிற இடத்தில் மேளம் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் அதற்கு மேல் வருவதில்லை என்று யாரும் அறிவிக்கவில்லை. தவிலை உறையில் போட்டுக் கட்டியதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கல்யாணப் பெண்ணின் வீட்டுக்குச் சீர், இழவு வீட்டுக்கு விறகு வருவதுபோல் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.

மில்காரர் காரில் வந்தார். அவருக்காக மண்ணின்மேல் ஜமக்காளம் விரித்து, அதன்மேல் நாற்காலி போட்டிருந்தார்கள். மாலை போடுவதற்கு மலர்க்கொடி என்ற மூன்றாம் வகுப்புப் பெண்ணை ஞானசுந்தரி தயார் செய்திருந்தாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அது மாலையோடு முன்னால் வந்தது. ஏஜெண்டு வரதன் நடுவில் புகுந்து, "குடும்மா, குடும்மா, ஒசரம் பத்தாது" என்று மாலையை வாங்கித் தானே போட்டான். மில்காரர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கிறவருக்கு மாலை போட எவ்வளவு உயரம் வேண்டும் என்று மலர்க்கொடி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தது. பதில் தெரிந்த ஞானசுந்தரி அதன் தலைப்பூவைச் சரிசெய்தாள்.

மில்காரர் பேசினார். இந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே என்றார். புயல் பாகுபாடு பார்ப்பதில்லை, தாமும் பார்ப்பதில்லை என்றார். அவருடைய மில்லில் அரைபடுகிற நெல்லை நட்டதும் அறுத்ததும் அடித்ததும் தூற்றியதும் எதிரே வெயிலில் நின்றுகொண்டிருந்தவர்களின் கைகள்தான். நெல்லுக்கு எந்தக் காலத்திலும் தீட்டு ஒட்டியதில்லை. படம் எடுத்தார்கள். பெஞ்சுகளுக்குப் பின்னால் பிள்ளைகளை நிற்கவைத்தார்கள். ஒரு பையன் கையை பெஞ்சின்மேல் வைத்தபோது, வார்னிஷ் இன்னும் காயவில்லை, கையை எடு என்றான் வரதன். வார்னிஷ் காய்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

எல்லாம் முடிந்து மில்காரரும் ஏஜெண்டும் படக்காரரும் மேட்டில் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு விருந்துக்குப் போனார்கள். போகும்போது வரதன், சாப்பிட்டு வந்ததும் சாமான்களுக்குக் கடைசியாக ஒரு பாலிஷ் வேலை இருக்கிறது, மில்லுக்கு எடுத்துப்போய் இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்று முனியனிடம் சொன்னான். முனியன் அதையும் நம்பிக் கும்பிட்டான்.

ஞானசுந்தரி பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அதைக் கேட்டாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் மனசு சுற்றிச்சுற்றி வந்த இடம் அந்த மாலையில் போய் நின்றது. அவர் கழுத்தில் ஒரு பெண் குழந்தையின் விரல் படாமலிருக்கப் பறித்துக்கொண்ட மாலை. இவர்களுக்கு நாம் என்றால் அவ்வளவு குமட்டுகிறதா, சரி, அந்தக் குமட்டலே நமக்கு வேலை செய்யட்டும்.

மதிய உணவு சமைக்கிற செல்லாயி அடுப்பிலிருந்து சோற்றுக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாகப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இன்றைக்கு எல்லாரும் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றாள் ஞானசுந்தரி.

செல்லாயி திகைத்துப்போனாள். "புதுப் பெஞ்சு டீச்சர். பூசணிக்கா கொயம்பு. பட்டா கற போவாது."

"அதுக்குத்தான் குந்த வைக்கிறேன். நெறையவே ஊத்து."

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. மலர்க்கொடி பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. ஞானசுந்தரி அதைத் தட்டோடு தூக்கி பெஞ்சில் வைத்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக ஏறின. ஏறினபின் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழம்பு வழிந்தது. கை பலகையில் துடைபட்டது. ஒருவன் காலைத் தூக்கி முன்பெஞ்சில் வைத்தான். சந்தனம் பூசிய குடத்திலிருந்து மொண்டு, டம்ளரை வாயில் வைத்துக் குடித்து, அடுத்தவனிடம் கொடுத்தார்கள்.

வண்டியடியில் நின்றிருந்த ஏசுதாஸ் வாசல்வரை வந்து பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. மனைவியைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

வரதன் வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்தபோது பிள்ளைகள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"இன்னாம்மா இது?"

"சோத்து வேள ஆச்சிங்க. புள்ளைங்க துன்னுச்சிங்க. முதலாளி குடுத்த பெஞ்சாச்சே, தரையில குந்தி துன்னா அவருக்கில்ல அவமானம்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். ஆனால் வரதன் கூச்சல் போடவில்லை. வாசலுக்கு வந்து மேட்டுப் பக்கம் ஒரு பார்வை, ஏரிக்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மேட்டு ஆட்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. எச்சிலைத் துப்பிவிட்டு, வியாபாரம் பேசுகிற குரலில் ஏசுதாஸைக் கூப்பிட்டான்.

"டேய் ஏசு. ஈரத்துணியால நல்லா தொடைச்சி வண்டில ஏத்து. கொடத்தப் புளி போட்டுத் தேச்சிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது."

அவர்களுடைய அருவருப்பையே பூட்டாக நம்பியிருந்தாள் ஞானசுந்தரி. அந்த அருவருப்புக்கூட நாலு பேர் பார்க்கும்போது மட்டும் பூசிக்கொள்கிற சந்தனம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் தீட்டும் இல்லை, எச்சிலும் இல்லை, சரக்கு மட்டும்தான். வெறுப்பில்கூட நாணயம் இல்லாத ஜன்மங்கள்.

ஏசுதாஸ் துணியை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க" என்றான்.

"இன்னாடா?"

"யாருக்குத் தெரியும்னீங்களே. எனக்குத் தெரியும். மணலேரில எறக்குறப்ப சொல்லுவேன். அரசந்தாங்கல் சேரிப் புள்ளைங்க குந்தி சோறு துன்ன பெஞ்சுன்னு. கலெக்டரு எதிர்ல."

வரதன் ஒரு நிமிஷம் அவனை அளந்து பார்த்தான். வண்டியோட்டியின் வாயிலிருந்து வந்த பேச்சா, பெண்டாட்டி சொல்லிக்கொடுத்த பேச்சா என்று தேடுவதுபோல் இருந்தது. ஞானசுந்தரியின் முகத்தில் இருந்த ஆச்சரியமே அவனுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். குரல் ஏறியது. வேலை போய்விடும் என்றான். வாலாஜாபாத்தில் ஒரு மில்லிலும் மூட்டை தொடமுடியாது என்றான்.

"போவட்டும்ங்க. வேல இல்லன்னா ஊர் ஊராப் போயி சொல்ல நேரம் நெறைய கிடைக்கும். முன்ன பாத்தோமே ரெண்டு ஊரு, அங்கேயும் போறேன்."

சத்தம் கேட்டு முனியனும் மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். அன்று காலையில் கும்பிட்ட கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வரதன் குடையை விரித்தான்.

"எச்சப் பெஞ்சு யாருக்கு வேணும். வச்சிக்கினு அழுங்க."

ஓடு ஏற்றிய வண்டியை மட்டும் கிளப்பச் சொன்னான். ஓடுகளை அன்று காலையில் தோரணம் கட்டும்போது சேரி ஆட்கள்தான் வண்டிக்குள் இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். ஆனால் ஓட்டுக்குத் தீட்டு ஒட்டாதுபோலும். அது மணலேரிக்கு வண்டியேறிப் போயிற்று. ஏசுதாஸின் வண்டியை வேறொரு ஆள் வந்து ஓட்டிச் சென்றான். மாடுகள் இரண்டும் பழகியவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயின.

எல்லோரும் கலைந்த பிறகு ஞானசுந்தரி பெஞ்சுகளைக் கழுவினாள். ஏசுதாஸ் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். சந்தோஷமா என்று கேட்டான். நம்ம பிள்ளைங்க கைபட்டதாலதான் இது நமக்குக் கிடைத்தது, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்றாள். பிறகு, துணியைப் பிழிந்து உதறிவிட்டு, "நீங்க பேசினீங்களே, அதுக்குச் சந்தோஷம்" என்றாள். அந்த 'நீங்க'வைக் கேட்டு ஏசுதாஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே நின்றான். நாளையிலிருந்து கூலி வேலை தேட வேண்டும் என்ற நினைப்புகூட அந்த நேரத்தில் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மணலேரிக்கு மில்காரர் அவசரம் அவசரமாகப் புதுப் பெஞ்சுகள் வாங்கினார் என்றும், அவற்றில் வார்னிஷ் நிஜமாகவே காயாமல் கலெக்டரின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது என்றும் சாலவாக்கம் சந்தையில் பேச்சு. ஒட்டவில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

தை மாதக் கடைசியில் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். பெஞ்சுக்கு நாலு பேராகப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவர் பெஞ்சுகளைச் சுற்றிவந்து, சிவப்பு எனாமலைப் படித்தார். பத்திரிகையில் படம் பார்த்தேன், அருமையான மனிதர் என்றார். சில இடங்களில் விழா முடிந்ததும் சாமான்களைத் திருப்பி எடுத்துப்போய்விடுவதாகப் புகார் வந்திருக்கிறது, உங்களுக்கு அப்படி ஒன்றும் தொந்தரவு இல்லையே என்று கேட்டார்.

ஞானசுந்தரி கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகப் பதில் சொன்னாள்.

"இல்லீங்க ஐயா. அவருக்குப் பெரிய மனசு. நாங்களே திருப்பிக் குடுத்தாக்கூட வாங்கிக்க மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி, அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே மழையில் அரித்த சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்த ஏசுதாஸ், நிமிராமலே, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, குடத்திலிருந்து தேவைக்கு மேல் தண்ணீரைச் சத்தமாக ஊற்றினான்.